எண்ணை அழுத்தாதவளுக்கும் ஒரு வரி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் நிறையப் பேருக்கு என் முகம் தெரியாது. குரல் தெரியும். மிஸ்டு கால் கொடுத்தால் திரும்பக் கூப்பிட்டு, "வணக்கம், நம்ம குரல் போன்" என்று பேசுகிறதே, அது என் குரல்தான். போன வாரம் சந்தையில் கருவாடு வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பாட்டி, "ஏத்தா, ஒன்னை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு சொல்ற பிள்ளை நீதானே?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதை விடப் பெரிய பரிசு எனக்கு இன்னும் யாரும் கொடுக்கவில்லை.

அந்தப் போனுக்கு எழுத எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கற்றுக்கொண்ட கதையைச் சொல்வதென்றால் தப்புச் செய்த கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு தப்பால் நம் அக்கா ஒருவருக்குப் பணம் போனது. அதையும் இன்றைக்கு மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். பதினாறு வருஷமாகக் குழுவில் ஊக்குநர். எனக்குத் தெரிந்த எழுத்து தீர்மான நோட்டு எழுத்துதான். "இன்று கூடிய கூட்டத்தில் கீழ்க்கண்ட உறுப்பினர்கள் கலந்துகொண்டு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்த எழுத்துக்கு ஒரே வழிதான். மேலே ஆரம்பித்தால் கீழே கையெழுத்தில் போய் முடியும். படிக்கிறவர் குறுக்கே ஒன்றும் கேட்க மாட்டார்.

குரல் போன் அப்படியில்லை. நாம் ஒரு வரி சொல்லிவிட்டு நிற்கிறோம். கேட்கிறவர் ஒரு எண்ணை அழுத்துகிறார். அவர் அழுத்தியதற்குத் தகுந்த மாதிரி அடுத்த வரி வருகிறது. பாதிப் பேச்சு நம்முடையது, பாதி அவருடையது. ஆனால் அவர் பேசும்போது நாம் அங்கே இருக்க மாட்டோம். அவர் என்ன கேட்பார் என்று முன்கூட்டியே யோசித்து எழுதி வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். இந்த எழுத்தில் கஷ்டமே அதுதான்.

நமக்கு முன்னாலேயே இந்த வழியில் நடந்தவர்கள் இருக்கிறார்கள். 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் என்ற மீனவ ஊரில், கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்று கம்ப்யூட்டரில் பார்த்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பிறகு தேனி மாவட்டத்தில் விடியல் என்ற அமைப்பு, காமன்வெல்த் கற்றல் அமைப்பின் துணையோடு, பெண்களுக்கு ஆடு வளர்ப்புப் பாடத்தைக் குரல் செய்தியாகச் செல்போனுக்கே அனுப்பியது. அந்தப் பெண்கள் வங்கிக்குக் கொடுத்த கடன் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒன்பது பெட்டை ஆடு, ஒரு கிடா, கூடவே ஒரு செல்போன் என்று போட்டிருந்தார்கள். ஆட்டுக்கடனில் போனையும் சேர்த்துக் கேட்ட அந்தப் புத்தியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் பெருமையுமாக இருக்கிறது.

ஒலிபெருக்கி எல்லாருக்கும் ஒரே சேதியைச் சொல்லும். குரல் செய்தி நேராகக் காதுக்கு வந்து சொல்லும். இரண்டுமே சொல்கிறவை. 2010இல் சத்தீஸ்கரில் சிஜிநெட் ஸ்வரா என்று ஒன்று தொடங்கினார்கள். அதில் ஊர் ஜனங்களே போனில் கூப்பிட்டு, தங்கள் ஊர்ச் சேதியைத் தங்கள் வாயாலேயே பதிவு செய்யலாம். சேதியைச் சொல்ல ஒரு எண், மற்றவர்கள் சொன்னதைக் கேட்க இன்னொரு எண். அவ்வளவுதான். இது கேட்கவும் செய்கிற போன். நம் குரல் போனும் இந்த ஜாதி.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

பயிற்சி கொடுக்க வந்த தம்பி முதல் நாள் சொன்னார்: "அக்கா, போனை எடுத்ததும் உறுப்பினர் காதில் விழ வேண்டியதை எழுதிட்டு வாங்க." நான் ராத்திரி உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். "பேரன்பும் பெருமதிப்பும் மிக்க சகோதரிகளே" என்று ஆரம்பித்து, கூட்டமைப்பின் நோக்கம், வரலாறு எல்லாம் சொல்லி, "எண் ஒன்றைத் தேர்வு செய்தால் வங்கிக் கடன் இணைப்பு தொடர்பான விவரங்களையும், எண் இரண்டைத் தேர்வு செய்தால்" என்று அடுக்கிக்கொண்டே போய் எட்டு எண் வரைக்கும் வைத்திருந்தேன்.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அதை அப்படியே என் குரலில் பதிவு பண்ணி, எங்கள் குழுவில் ஆடு மேய்க்கிற அத்தையிடம் பட்டன் போனைக் கொடுத்து, "ஆட்டுக்குக் கழிச்சல்னா என்ன செய்யணும்னு இதுல கேட்டுச் சொல்லுங்க" என்றார். அத்தை போனைக் காதில் வைத்தார். ஒரு நிமிஷம் ஆனது. "யாரோ கூட்டம் போட்டுப் பேசுறாக" என்று போனை எடுத்துவிட்டார். இன்னொரு தடவை கொடுத்தோம். "எண் ஐந்தைத் தேர்வு செய்தால் கால்நடை" என்று வந்தது. அத்தை காதிலிருந்து போனை எடுத்து என்னைப் பார்த்து, "ஆடுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. நம்பர் என்ன சொன்னே?" என்றார்.

அன்றைக்குத்தான் முதல் பாடம் படித்தேன். எண்ணை முதலில் சொன்னால் அது எதற்கான எண் என்று தெரியாது. தெரியாததை யாரும் மனதில் பிடித்து வைக்க மாட்டார்கள். தனக்கு வேண்டிய விஷயத்தின் பேர் காதில் விழுந்த பிறகுதான் எண்ணைக் கேட்கக் காதைத் தீட்டுவார்கள். ஆகவே விஷயம் முதலில், எண் பிறகு. "ஆடு மாடு பத்திக் கேட்க, ஒன்னை அமுக்குங்க." இவ்வளவுதான். எட்டு எண்ணை நாலாகக் குறைத்தோம். தேர்வு செய்யவும் போச்சு, தொடர்பான விவரங்கள் போச்சு, பேரன்பும் பெருமதிப்பும் போச்சு. அன்பு மனதில் இருக்கட்டும். அத்தையின் நேரம் அதை விடப் பெரிசு.

இரண்டாவது பாடம், தரையில் உட்கார்ந்து படித்தது. பழைய தேதிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு தாளுக்கு ஒரு பேச்சு என்று எழுதி, கூடத்தில் பரப்பி, எந்தத் தாளிலிருந்து எந்தத் தாளுக்குப் போகிறது என்று பூக்கட்டும் நூலைப் போட்டோம். முதல் தாளிலிருந்து மூன்று வழி. அந்த மூன்றிலும் மும்மூன்று வழி. அதற்கு அப்புறமும் மும்மூன்று. ஒன்று, மூன்று, ஒன்பது, இருபத்தேழு. மூன்றே மூன்று படிதான் இறங்கினோம், 40 தாள் ஆகிவிட்டது. இன்னும் ஒரு படி இறங்கினால் 121. கூடம் போதாமல் தாள் திண்ணைக்கு வந்துவிட்டது.

அப்போது எங்களில் ஒரு தங்கச்சிதான் வழி கண்டுபிடித்தாள். "குட்டிக்குக் கழிச்சல்னாலும், பெரிய ஆட்டுக்குக் கழிச்சல்னாலும், கடைசியில சொல்லப் போறது கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962 தானே? அதை ஏன் ரெண்டு இடத்துல எழுதணும்? ரெண்டு நூலையும் ஒரே தாளுக்குக் கொண்டு வா" என்றாள். வழி பிரியலாம், பிரிந்தது திரும்பச் சேரவும் செய்யலாம். நம் ஊர்களுக்குப் போகிற பாதையும் அப்படித்தானே இருக்கிறது. சேர்க்க வேண்டியதைச் சேர்த்ததும் 40 தாள் 17 ஆனது.

இதையே கம்ப்யூட்டரில் செய்ய ட்வைன் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் கிறிஸ் க்ளைமாஸ் என்பவர் 2009இல் வெளியிட்டது. காசு கிடையாது. படிக்கிறவரே வழியைத் தேர்ந்தெடுக்கிற கதைகளை எழுதுகிறவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு பேச்சும் ஒரு பெட்டி. இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு பேரை எழுதினால் அந்தப் பேரில் அடுத்த பெட்டி தானாக முளைக்கும், நடுவில் அம்புக்குறியும் விழும். நூல் போட்டுப் பழகிய கை, ஒரு மணி நேரத்தில் அதைப் பிடித்துக்கொண்டது. தரையில் செய்யாமல் நேராகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தால் பயந்து ஓடியிருப்பேன்.

மூன்றாவது பாடம் ஒரு வார்த்தையைப் பற்றியது. தப்பான எண்ணை அழுத்தினால் சொல்ல, "தவறான தேர்வு. மீண்டும் முயற்சிக்கவும்" என்று எழுதியிருந்தேன். பெரிய ஆபீஸ் போன்களில் அப்படித்தான் வரும், அதையே காப்பி அடித்தேன். யார் எந்த இடத்தில் போனை வைத்தார்கள் என்று கம்ப்யூட்டரில் பட்டியல் வரும். பார்த்தால், அந்த வரி வந்தவுடனே நிறையப் பேர் வைத்துவிட்டார்கள். ஒரு அக்காவிடம் கேட்டேன். "தவறுன்னு சொல்லுது. நமக்கு எதுக்கு வம்பு, என்னத்தையாவது கெடுத்துப்புட்டா?" என்றார். பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் நின்ற நமக்கெல்லாம் "தவறு" என்ற வார்த்தை எங்கே குத்தும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் எழுதியிருக்கிறேன். இப்போது அந்த இடத்தில், "அந்த நம்பர்ல ஒன்னும் வைக்கலை. இன்னொரு தரம் சொல்றேன்" என்று வரும். குறை போனில் இருக்கட்டும், கேட்கிறவர் தலையில் வேண்டாம்.

அதைவிட முக்கியம், எந்த எண்ணையும் அழுத்தாதவர். கடைசி எண்ணைச் சொன்னதும் மூன்று வினாடி காத்திருந்துவிட்டு "நன்றி, வணக்கம்" என்று வைத்துவிடுகிற மாதிரி முதலில் இருந்தது. மூன்று வினாடியில் காதிலிருந்து போனை எடுத்து, கண்ணுக்குக் கிட்டக் கொண்டு வந்து, எண்ணைத் தேடி அழுத்த நம் பாட்டிமார்களால் முடியுமா? அதை எட்டு வினாடி ஆக்கினோம். அதற்குப் பிறகும் அழுத்தவில்லை என்றால், "பரவாயில்லை, மெதுவா அமுக்குங்க. எண் தெரியலைன்னா, நடுவுல தடவிப் பார்த்தா ஒரு சின்ன மேடு இருக்கும். அதை அமுக்குங்க, மனுசங்க பேசுவாங்க" என்று வைத்தோம். பட்டன் போனில் ஐந்தாம் எண்ணில் அந்த மேடு இருக்கும். எழுத்தும் எண்ணும் தெரியாதவர் விரலுக்கு அது தெரியும். மனுசங்க என்று சொன்னது நம் கூட்டமைப்பு அலுவலகத்தைத்தான். அலுவலக நேரத்தில் யாராவது ஒருவர் எடுப்பார்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனையும் கற்றுக்கொண்டேனோ என்று சில நேரம் தோன்றும்.

இனி, நான் செய்த பெரிய தப்பு.

ஆன்லைன் மோசடி பற்றி ஒரு பகுதி எழுதினேன். ரொம்ப நன்றாக எழுதியதாக நினைப்பு. யாரிடமும் ஓடிபி சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள், வங்கியிலிருந்து யாரும் போனில் ரகசிய எண் கேட்க மாட்டார்கள் என்று இரண்டு நிமிஷம். அதற்கு அப்புறம்தான் 1930 என்ற எண் வரும்.

ஒரு நாள் காலையில் நம் உறுப்பினர் அக்கா ஒருவருக்குப் போன் வந்தது. "பேங்க்ல இருந்து பேசுறோம், உங்க கார்டு முடங்கப் போகுது" என்றார்கள். அக்கா ஓடிபியைச் சொல்லிவிட்டார். மகளுக்குக் கட்ட வைத்திருந்த பணத்தில் பன்னிரண்டாயிரம் போய்விட்டது. பதறிப் போய் நம் குரல் போனுக்குத்தான் மிஸ்டு கால் கொடுத்தார். வேறு யாரையும் அவருக்குத் தெரியாது. போன் திரும்பக் கூப்பிட்டது. சரியான எண்ணைத்தான் அழுத்தினார். நான் பேச ஆரம்பித்தேன். ஓடிபி சொல்லாதீர்கள் என்றேன். லிங்க்கைத் தொடாதீர்கள் என்றேன். பாதியில் கை பட்டு வேறு எண் அழுந்தி, பேச்சு முதலுக்குப் போய்விட்டது. அக்கா போனை வைத்துவிட்டு அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். அவர் சொன்னதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"நீ பேசிக்கிட்டே இருந்தே தங்கச்சி. நானும் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

அப்போதே 1930க்குக் கூப்பிட்டோம், வங்கிக்கும் சொல்லி கார்டை நிறுத்தினோம். மிச்சப் பணம் தப்பித்தது. போன பணம் திரும்பி வரவில்லை. 1930 எதற்கு இருக்கிறது? மோசடிக்காரன் கணக்கிலிருந்து பணம் வேறு இடத்துக்குப் போவதற்கு முன்னால் அதை நிறுத்தி வைக்கத்தான். ஒவ்வொரு நிமிஷமும் பணம். அதில் காலையிலிருந்து சாயங்காலம் வரை போய்விட்டது.

நான் எழுதிய ஒவ்வொரு வரியும் சரிதான். ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அது பணம் இன்னும் போகாதவளுக்கு எழுதியது. பணம் போனவள் அந்த எண்ணை அழுத்துவாள் என்று நான் யோசிக்கவே இல்லை. அவளுக்கு என் அறிவுரை புண்ணில் உப்பு.

அன்று ராத்திரியே மாற்றி எழுதினேன். இப்போது அந்தப் பகுதி ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கும். "பணம் போயிருச்சா? அப்படின்னா இப்பவே இந்தப் போனை வச்சுட்டு 1930க்குப் பேசுங்க. ஒன்னு, ஒம்பது, மூனு, சைபர். இன்னொரு தரம் சொல்றேன். ஒன்னு, ஒம்பது, மூனு, சைபர். அடுத்தது உங்க பேங்க்." அதற்குப் பிறகுதான், "பணம் போகலை, தெரிஞ்சுக்கத்தான் கேட்கிறேன்னா, ஒன்னை அமுக்குங்க" என்று வரும். நம் போனையே வைக்கச் சொல்லித்தான் முதல் வரி. வங்கிக்கு ஏன் உடனே சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தேன். 2017இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, நம் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகும் பணம் போனால் அந்த நட்டம் வங்கியைச் சேர்ந்தது. சொல்லத் தாமதிக்கிற நேரம் முழுக்க நம் தலையில்தான். சொல்லிவிட்டு, புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டில் அடி, உதை, மிரட்டல் என்று இருக்கிற பெண்களுக்கும் இந்தப் போனில் ஒரு பகுதி இருக்கிறது. அதை எழுதும்போது அந்த அக்காவின் வார்த்தை காதில் இருந்தது. எழுத உட்கார்ந்ததும் முதலில் கேட்டுக்கொண்டது, "இதைக் கேட்கும்போது அவள் எங்கே நிற்பாள்? பக்கத்தில் யார் இருப்பார்?" என்பதைத்தான். போன் ஸ்பீக்கரில் இருக்கலாம். அவனே பிடுங்கிக் கேட்கலாம். "குடும்ப வன்முறைக்கு நாலை அமுக்குங்க" என்று வந்தால் அதுவே அவளுக்கு இன்னொரு அடி. ஆகவே அந்தப் பகுதிக்கு வெளியில் வேறு பேர் வைத்தோம். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது வந்துவிட்டால், ஒரு எண்ணை அழுத்தினால் போதும், பேச்சு அப்படியே சாதாரணப் பாடம் ஒன்றுக்கு மாறிவிடும். அது எந்தப் பேர், எந்த எண் என்று மேடையில் பெண்கள் மட்டும் இருந்தபோது சொன்னேன். இந்த மலர் வீட்டில் யார் கைக்கும் போகும் என்பதால் இங்கே அச்சிடவில்லை. தெரியாதவர்கள் உங்கள் ஊக்குநரிடம் காதோடு கேட்டுக்கொள்ளுங்கள். நேராகவே உதவி கேட்க 181 இருக்கிறது, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரும் இருக்கிறார்.

இவ்வளவும் சொன்னது, நான் பெரிய எழுத்தாளர் ஆகிவிட்டேன் என்று காட்ட இல்லை. அடுத்து வாட்ஸ்அப்பிலும் இதே மாதிரி கேள்வி பதில் வைக்கப் போகிறோம். எழுத ஆள் வேண்டும். பத்தாவது போதும், எட்டாவது போதும். எழுதவே வராது என்றால் வாயால் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதட்டும். நாலு விஷயம் மனதில் இருந்தால் சரி. வேண்டியதை முதலில் சொல்ல வேண்டும். கேட்கிறவரைத் தப்பு என்று சொல்லக் கூடாது. எழுதியதை நம்மைவிடக் குறைவாகப் படித்தவர் கையில் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எதையும் அழுத்தாமல் நிற்கிறவளுக்கும் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிசும் இல்லை. குழுக் கூட்டத்தில் ஒருத்தி மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால், "ஏன்க்கா ஒன்னும் சொல்லலை?" என்று கேட்கிறோம் இல்லையா? அதைப் போனுக்கும் எழுதி வைக்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

பணம் போன அந்த அக்கா இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். பேர் சொல்ல வேண்டாம் என்றார். மாற்றி எழுதியதை முதலில் அவரிடம்தான் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இப்ப சரி. ஆனா சைபர்னு சொன்ன பிறகு கொஞ்சம் நிறுத்து, அமுக்க நேரம் வேணும்" என்றார். நிறுத்தியிருக்கிறேன். அடுத்த தடவை கேட்கும்போது கவனியுங்கள், அந்த இடைவெளி அவர் எழுதியது.